குளிசை கொடுக்காத பன்னிரண்டு நாள்

என் கணவரின் நெஞ்சுக்குள்ளே ஒரு சின்னக் கம்பிக்கூடும், அந்தக் கூட்டுக்குள் ஒரு பந்தும் இருக்கின்றன. சிறுவயதில் வந்த மூட்டுக்காய்ச்சல் அவருடைய இருதயத்தின் கதவுகளில் ஒன்றைப் பழுதாக்கிவிட்டிருந்தது. எங்களுக்குக் கல்யாணமாகி மூன்றாம் வருஷம், வரம்பில் பத்தடி நடந்தாலே அவர் குந்திவிடுவார். உதடு நீலம் பாரித்துவிடும். இந்தியாவில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் பழுதான கதவை வெட்டியெடுத்து, அந்த இடத்தில் இந்தக் கூட்டை வைத்துத் தைத்தார்கள். இருதயம் அடிக்கும் ஒவ்வொரு முறையும் பந்து ஒருதரம் ஏறி இறங்கும். அப்போது ஒரு சத்தம் வரும். பக்கத்தில் இருந்தால் எவருக்கும் கேட்கும்.

அவருடைய தமையனார்தான் கூட்டிக்கொண்டு போய் வந்தார். மகள் அப்போது மூன்று மாதக் குழந்தை என்பதால் நான் மாமியோடு வீட்டிலே நின்றுவிட்டேன். கண்டாவளைப் பக்கம் குடியேற்றத் திட்டத்தில் மாமா எடுத்த வயல்காணியில்தான் எங்கள் வீடு. மாமா காலமாகிவிட்டார். என் கணவர் திரும்பி வந்த கிழமை, அந்தச் சத்தத்தைக் கேட்பதற்கென்றே சனம் வந்துபோனது. அடுத்த காணிக்காரர் அவருடைய நெஞ்சில் காதை வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"தம்பி, மணிக்கூடு வைச்சுவிட்டவங்கள் சரி. சாவி குடுக்கிற துவாரத்தை எங்க வைச்சவங்கள்?"

"அது என்னிலை இல்லை அண்ணை," என்று அவர் என்னைக் காட்டினார். "சாவி அவவின்ரை கையிலை."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சொன்னது குளிசையைத்தான், இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரையை. நாளுக்கொரு குளிசை, பின்னேரச் சாப்பாட்டுக்குப் பிறகு. போத்தல் என் அலுமாரியில் இருந்தது. எடுத்துக் கொடுப்பது என் வேலை. நான் எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணியவள், ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்ட இங்கிலீஷ் கடதாசியை வாசித்து விளங்கக்கூடியவள் அந்த வீட்டில் நான் ஒருத்திதான்.

அந்தக் கடதாசியில் இரண்டு விஷயங்களின் கீழே கோடு போட்டிருந்தார்கள். ஒன்று: இரத்தம் தன் சொந்தச் சதையில் படும்வரையில்தான் இளகி ஓடும், பிற பொருளில் பட்டால் உறையப் பார்க்கும். கூட்டில் உறைந்த துண்டு பந்தை இறுக்கிவிடலாம், அல்லது கழன்று மூளைக்குப் போய்விடலாம். ஆகவே குளிசையை ஒருநாளும் நிறுத்தக்கூடாது. மற்றது: இந்தக் குளிசை போடுகிறவருக்குக் காயம் பட்டால் இரத்தம் இலகுவில் நிற்காது; பல் பிடுங்குவதென்றாலும் டொக்டரிடம் முதலில் கேட்கவேண்டும்.

இரண்டையும் நான் தமிழில் எழுதி வைத்துக்கொண்டேன். ஆனால் என் மனம் பிடித்துக்கொண்டது இரண்டாவதைத்தான். வந்த மாதமே அவர் முகம் வழிக்கும்போது நாடியில் சின்னதாக ஒரு வெட்டு. ஒரு மணித்தியாலம் துணியை அமர்த்திப் பிடித்துக்கொண்டு இருந்தோம். துணி மூன்று மாற்றினேன். அன்றிலிருந்து எனக்கு இரும்பென்றால் பயம். அரிவாளைக் கையில் எடுக்க விடமாட்டேன். வயலுக்குச் செருப்புப் போட்டுக்கொண்டு போகச் சொல்லுவேன். "சேத்துக்குள்ள செருப்போடை நிண்டால் மாடே சிரிக்கும்" என்பார். மகளின் நகத்தைக்கூட இரண்டு நாளுக்கு ஒருதரம் வெட்டினேன், அவரைக் கீறிவிடுவாள் என்று. இரத்தம் வந்தால் கண்ணுக்குத் தெரியும். உள்ளே உறைந்தால் யாருக்குத் தெரியும்? தெரியாததற்குப் பயப்பட எனக்கு அப்போது தெரியவில்லை.

அவர் இந்தியாவில் இருந்தபோது மாமி ஒரு நேர்த்தி வைத்திருந்தா. மகன் உயிரோடு வந்தால் பங்குனி உத்தரத்துக்கு முருகன் கோவிலில் செடில் குத்திக் காவடி எடுப்பிக்கிறேன் என்று. செடில் என்பது முதுகுச் சதையில் கொளுவும் முள்ளு. அதில் கயிறு கட்டிப் பின்னாலிருந்து ஒருவர் பிடித்துக்கொள்ள, காவடி ஆடுவார்கள். அறுவடை முடிந்து நெல்லும் வீட்டுக்கு வந்தபிறகு, ஒருநாள் மத்தியானம் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது மாமி அதை எடுத்தா.

"உத்தரம் வருகுது மோனை. விரதம் பிடிக்கவேணும்."

"பால்காவடி எடுக்கட்டும் மாமி," என்றேன். "முள்ளு வேண்டாம். ரத்தம் நிக்காது."

"நான் பால்காவடி எண்டு கேட்டிருந்தால் முருகன் பால்காவடிக்குரிய சுகத்தைத்தான் தந்திருப்பான். செடில் எண்டு சொல்லித்தானே பிள்ளை மண்டாடினனான்."

அவர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "நெஞ்சைப் பிளந்து தைச்சவங்கள். முதுகிலை ரெண்டு முள்ளுக்கு என்ன?"

"ரெண்டே ரெண்டு," என்றா மாமி. "ஆறெண்டு சொன்னனான். ரெண்டாக் குறைக்கிறன். அவன் கோவிக்கமாட்டான்."

நான் இன்னொரு அகப்பை சோறு போட்டேன். அவருக்காக நெஞ்சுருகிக் கேட்டவ மாமி. நான் அப்போது எதையும் கேட்கக்கூடத் தெரியாமல், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவள்.

முள்ளுக் குத்துகிற மனிதர் ஒருநாள் வந்தார். முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, நல்ல சதை என்றார். இரத்தம் எவ்வளவு வரும் என்று நான் கேட்டேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்காமல் மாமிக்குத்தான் பதில் சொன்னார்.

"விரதம் சுத்தமெண்டால் ஒரு சொட்டும் வராது. வந்தால் வீட்டிலை ஏதோ பிழை. நாலு வருஷத்துக்கு முந்தி ஒருத்தருக்கு வழிஞ்சு ஓடிச்சுது. பிறகு விசாரிச்சால் பெண்சாதி துடக்கோடை அடுப்படிக்குப் போயிருக்கிறா."

துடக்கென்றால் மாதத் தீட்டு; எங்கள் பக்கத்தில் எல்லோரும் நம்புவது இது. காவடிக்காரனுக்கு இரத்தம் வந்தால் சனம் அவனைப் பார்க்காது; அவன் பெண்சாதியைத்தான் பார்க்கும். நான் படித்தவள், இரத்தம் வருவதும் வராததும் குளிசையினால் என்று அறிந்தவள். அறிந்தும் அந்த மனிதர் போனபிறகு அடுப்படியை மறுபடி கழுவினேன்.

அன்று பின்னேரம் மகளை நித்திரையாக்கிவிட்டு அலுமாரியைத் திறந்து அந்தக் கடதாசியை மறுபடி வாசித்தேன். இந்தியாவுக்குக் கடிதம் போட்டுப் பதில் வர நாள் காணாது. ஆனால் மாதமொருமுறை நாங்கள் இரத்தம் பார்க்கப் போகும் டொக்டர் யாழ்ப்பாணத்தில் இருந்தார். பரந்தன் ஸ்டேஷனில் காலைக் கோச்சி ஏறினால் மத்தியானத்துக்குள் கேட்டுக்கொண்டு திரும்பியிருக்கலாம். நான் போகவில்லை. குழந்தையோடு அலையமுடியாது என்று எனக்கு நானே சொன்னேன். உண்மை அதுவல்ல. டொக்டர் 'கூடாது' என்று சொல்லிவிடுவார் என்று எனக்குத் தெரியும். அந்தக் 'கூடாது' என்பதை மாமியிடம் கொண்டுபோய்ச் சொல்லவேண்டியவள் நான்தான். அதற்குத்தான் பயந்தேன்.

என் கணவரிடம் சொன்னேன். "இஞ்சாருங்கோ, உத்தரத்துக்கு முன்னாலை நாலு நாள் குளிசையை நிப்பாட்டுவம். ரத்தம் பழையபடி உறையும். முள்ளுக் கழட்டின அடுத்தநாள் தொடங்கலாம்."

"அதிலை ஒருநாளும் நிப்பாட்டக்கூடாதெண்டு கிடக்கெண்டு சொன்னீர்?"

"ஐஞ்சு நாள்தானே."

"நீர் படிச்சனீர். உமக்குத்தான் தெரியும்," என்று சொல்லிவிட்டு மகளைத் தூக்க எழும்பிப் போனார்.

அவர் ஒருதரம் மறுத்திருந்தால் நான் விட்டிருப்பேன் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். அப்படி நினைப்பதே குற்றத்தில் பாதியை அவர் தலையில் வைப்பதுதான் என்றும் நினைத்திருக்கிறேன்.

உத்தரத்தன்று வெயில் கடுமையாக இருந்தது. முதல் முள்ளு ஏறியபோது நான் மகளின் முகத்தை என் தோளில் அமர்த்திக்கொண்டு முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவதும் ஏறியது. ஒரு கடுகளவு சிவப்பு, அவ்வளவுதான். திருநீற்றைப் பூசியதும் அதுவும் மறைந்துவிட்டது. பறை அடித்தது. இந்தியாவுக்குப் போகுமுன் பத்தடி நடக்கமுடியாமல் இருந்தவர் கோவிலை மூன்று சுற்றுச் சுற்றி ஆடினார். மாமி தலைக்குமேல் கையெடுத்துக்கொண்டு அழுதா.

"பாத்தனியே பிள்ளை, ஒரு சொட்டு இல்லை! ஒரு சொட்டு!"

பக்கத்தில் நின்ற பெண்கள் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்கள். ஒருத்தி என் மகளின் கன்னத்தைக் கிள்ளி, "உன்ரை அம்மா நல்ல சுத்தக்காரி" என்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. செய்தவற்றுள் எல்லாம் அந்தச் சந்தோஷத்தைத்தான் என்னால் இன்னும் பொறுக்கமுடியவில்லை. அவருக்கு ஆபத்து வராமல் இருக்கவா குளிசையை நிறுத்தினேன், அல்லது என்னை ஒருவரும் அப்படிப் பார்க்கக்கூடாது என்பதற்காகவா? அன்று யாராவது கேட்டிருந்தால் தயங்காமல் பதில் சொல்லியிருப்பேன்.

அடுத்தநாள் குளிசை தொடங்கவேண்டும். போத்தலைத் திறந்தேன். ஆனால் வலப்பக்கத்துக் காயம் ஈரமாகவே இருந்தது, சட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தது. இன்றைக்குக் கொடுத்தால் இராமுழுதும் கசியுமே என்று மூடிவைத்தேன். மறுநாள் பார்த்தேன், கொஞ்சம் காய்ந்திருந்தது. நன்றாகக் காயட்டும் என்றேன். மூன்றாம் நாள் பொருக்குப் பிடித்தது. பொருக்கு விழட்டும் என்றேன். அவர் கேட்கவில்லை. வாழ்க்கையில் முதல்தடவையாக அவர் வயலுக்குப் போய்க் களைக்காமல் வந்துகொண்டிருந்த நாட்கள் அவை. சிறுபோகத்துக்கு எந்தத் துண்டை விதைப்பது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். குளிசை இல்லாமலும் இப்படித் தென்பாக இருக்கிறாரே என்று நான் உள்ளூரப் பார்த்தேன். எனக்கே சொல்லாமல் அப்படி ஒரு நினைப்பு எனக்குள் வளர்ந்துவிட்டது. முன்னே நாலு, உத்தரத்தன்று ஒன்று, பின்னே ஏழு. பன்னிரண்டு நாள்.

எட்டாம் நாள் காலை குசினி வாசலில் கதிரையைப் போட்டு அவர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். மகள் நிலத்தில் சிரட்டையோடு விளையாடினாள். கோப்பை விழுந்த சத்தம் கேட்டு நான் திரும்பினேன். அவர் அதை எடுக்கக் குனியவில்லை. தன் வலக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார், வேறு யாருடையதோ கை மடியில் வந்து விழுந்துவிட்டதுபோல. வாயின் ஒரு பக்கம் இறங்கியிருந்தது.

"என்னப்பா?"

"மாடு," என்றார். கோப்பையைப் பார்த்து மறுபடி, "மாடு… மாடு."

மாமி கூவினா, முருகா முருகா என்று. எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஓடிப்போய்ப் போத்தலை எடுத்துவந்து ஒரு குளிசையை அவர் வாய்க்குள் வைத்துத் தண்ணீர் பருக்கினேன். தண்ணீர் கடைவாயால் வழிந்தது. குளிசையும் அதோடு வந்து சட்டையில் விழுந்தது. அதைப் பொறுக்கி மறுபடி வைக்கப் பார்த்தேன். மாமிதான் என் கையைத் தட்டிவிட்டா. "விக்கிப்போடும், விடு!"

அடுத்த காணிக்காரர் தன் உழவு மெஷினில் எங்களைப் பரந்தன் சந்திக்குக் கொண்டுவந்தார். அங்கிருந்து வாடகைக் கார். மகளை அடுத்த காணிக்காரரின் மனைவியிடம் விட்டுவிட்டு வந்தேன். அவள் அழுத சத்தம் வெகுதூரம் வந்தது. காரில் என் கணவரின் தலை என் தோளில் இருந்தது. உள்ளே சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது, ஆனால் வழமையான சத்தமில்லை, துணி சுற்றி வைத்துத் தட்டுவதுபோல மங்கலாக. ஆனையிறவு தாண்டும்போது மாமி திடீரென்று கதைக்கத் தொடங்கினா.

"நான்தான் பிள்ளை. என்னாலைதான்."

"என்ன மாமி?"

"விரதம் மூண்டாம் நாள் நான் வெத்திலை போட்டனான். ஏலாமல் கிடந்தது. கொட்டிலுக்குப் பின்னாலை நிண்டு ஒரு வாய் போட்டுத் துப்பிப்போட்டன். ஆருக்கும் தெரியாதெண்டு நினைச்சன். முருகனுக்குத் தெரியாமல் போகுமே? கோவிலிலை ஒரு சொட்டு வரப்பண்ணியிருந்தால் அறிஞ்சு மன்னிப்புக் கேட்டிருப்பன். காட்டாமல் வைச்சிருந்து அடிச்சுப்போட்டான்."

அவ தன் நெஞ்சில் அடித்துக்கொண்டா. நான் அவவுடைய கையைப் பிடித்தேன். பிடித்ததைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை. யாழ்ப்பாணம் வரைக்கும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் தூரம் முழுவதும் அவ அந்த வெற்றிலையைச் சுமந்துகொண்டு வந்தா. அதை இறக்கக்கூடியவள் பக்கத்தில் இருந்தேன்.

ஆஸ்பத்திரி வாட்டில் கட்டிலில் போட்டார்கள். இரத்தம் எடுத்தார்கள். எங்களை மாதாமாதம் பார்க்கிற டொக்டரே வந்தார். சோதனை முடிந்து கடதாசியோடு திரும்பி வந்தபோது அவர் முகம் யோசனையாக இருந்தது.

"ரத்தம் சாதாரண ஆக்களுக்கு உறையிறமாதிரி உறையுது. குளிசை ஒழுங்காப் போட்டவரோ?"

நான் வாயைத் திறக்குமுன் கட்டிலில் கிடந்தவர், "ஓம்," என்றார்.

தெளிவாகச் சொன்னார். காலையிலிருந்து அவர் சரியாகச் சொன்ன முதல் சொல் அது. டொக்டர் அவரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒவ்வொரு நாளும்?"

"ஓம்," என்றார் அவர் மறுபடி.

"அப்ப இந்த அளவு இவருக்குக் காணாமல் போச்சுது," என்று டொக்டர் எழுதத் தொடங்கினார். "இப்ப ஊசியிலை குடுப்பம். பிறகு வீட்டை போகேக்கை ரெண்டு மடங்காக் கூட்டவேணும்."

இரண்டு மடங்கு. அந்தக் குளிசை கூடினால் என்ன நடக்கும் என்று எழுதிவைத்தவள் நான். மூளைக்குள்ளேயே இரத்தம் கசியும். மாமி எனக்குப் பின்னால் வாங்குப் பலகையில் இருந்தா.

"டொக்டர், கூட்டவேண்டாம்," என்றேன். "குளிசை போடேல்லை. நான் நிப்பாட்டினனான்."

பேனை நின்றது. "எத்தனை நாள்?"

"நாலு நாள்."

சொன்ன உடனே அதுவும் பொய் என்று தெரிந்தது. அந்த இடத்திலும் என் வாய் குறைத்துத்தான் சொன்னது. அவர் மறுபடி எழுதக் குனிந்தார்.

"இல்லை டொக்டர். பன்னிரண்டு. செடில் குத்தினவர். ரத்தம் வருமெண்டு நிப்பாட்டினனான். பிறகு தொடங்கேல்லை."

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். எழுதியதை வெட்டிவிட்டு வேறு எழுதினார். "நல்லகாலம் சொன்னீர்," என்று மட்டும் சொன்னார். "சொல்லாமல் விட்டிருந்தால் நான் கூட்டித்தான் விட்டிருப்பன்." பிறகு போகும்போது திரும்பி நின்று, "என்னட்டை ஏன் பிள்ளை வந்து கேக்கேல்லை?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இருந்தது.

மாமி வாங்கிலிருந்து எழும்பவில்லை. நான் பக்கத்தில் போய் நின்றேன். அடிப்பா என்று நினைத்தேன். அடிக்கட்டும் என்றும் நினைத்தேன். அவ வெகுநேரம் தன் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தா.

"அப்ப வெத்திலையாலை இல்லையோ?"

"இல்லை மாமி."

"காருக்குள்ளை சொல்லியிருக்கலாமே," என்றா. அதன்பிறகு ஐந்து நாள் என்னோடு கதைக்கவில்லை. ஆறாம் நாள், உனக்குப் பால் கட்டிப்போய்க் கிடக்கும், குழந்தையும் தேடும், வீட்டுக்குப் போய்விட்டு வா, நான் நிற்கிறேன் என்றா.

அவர் பிழைத்தார். கூட்டில் இருந்த உறைவு மருந்துக்குக் கரைந்துவிட்டதாகச் சொன்னார்கள். கால் சரியாகிவிட்டது. வலக்கை இன்னும் மண்வெட்டி பிடிக்காது. வயலைக் குத்தகைக்கு விட்டிருக்கிறோம். பேச்சு மெல்ல மெல்ல வந்தது. சில சொற்களுக்காக இப்போதும் காத்திருக்கவேண்டும்; மகள் அவரை முந்திக்கொண்டு சொல்லிக்கொடுப்பாள். குளிசையை நான்தான் இன்னும் கொடுக்கிறேன். அதை மாமி தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுவா என்று எதிர்பார்த்தேன். எடுக்கவில்லை. ஆனால் கொடுக்கிற நேரம் எங்கே நின்றாலும் வந்து நின்று பார்ப்பா.

அந்த "ஓம்" மட்டும் எனக்குள் தீராமல் கிடந்தது. அன்றைக்கு அவர் வாயில் சரியாக வந்த ஒரேயொரு சொல் அதுதானா, எதைக் கேட்டாலும் அதையே சொல்லியிருப்பாரா? அல்லது கேள்வியை விளங்கித்தான் சொன்னாரா? கேட்கப் பயமாக இருந்தது. முதலாவதென்றால் நான் இவ்வளவு நாளும் இல்லாத ஒன்றை நினைத்து உருகியிருக்கிறேன். இரண்டாவதென்றால் என்னைக் காக்கப்போய்த் தன்னைக் கொன்றிருப்பார்.

போன மாதம், மகள் மாமியோடு தண்ணி அள்ளப் போயிருந்த நேரம், கேட்டுவிட்டேன்.

"அண்டைக்கு டொக்டர் கேக்க ஏன் ஓம் எண்டு சொன்னனீங்கள்?"

அவர் இடக்கையால் வலக்கை விரல்களை நீவிக்கொண்டிருந்தார். சொல்லைத் தேடினார். நான் எடுத்துக் கொடுக்காமல் இருந்தேன்.

"நீர்…" என்றார். பிறகு, "அழுதுகொண்டு… நிண்டனீர்."

நான் அன்றைக்கு அழவில்லை என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.